நல்ல தண்ணீர்க் கிணறு

புலம்பெயர்ந்து வந்த எசன் நகரில் மகள் தன் பூந்தோட்டத்துக்கு வாங்கிய பசளைப் பையை வெட்டியபோது எழும்பிய காரமான நெடி மூக்கில் ஏற, ஊரில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடிக்கே போய்விட்டேன். நல்ல தண்ணீருக்குப் பெயர் எடுத்த கிணறு அது. விடிந்தால் துலா கிறீச்சிட, அயல் பெண்கள் குடத்தோடு வருவார்கள், பக்கத்து வளவுப் பொன்னம்மா மாமி முதல் வாளியை அங்கேயே குடித்துவிட்டு, "இளநி தோத்துது" என்பார். எருவும் பூவரசங்குழையும் புதைத்துவந்த மண்ணுக்கு என்னைப் பெற்ற ஐயா யூரியா போடத் தொடங்கியபோது, அந்த வெள்ளை மணிகளை வீசும் வேலையைக் கேட்டு வாங்கியது நான்தான். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அதில் நல்ல கை என்று ஐயா சொல்வார். வெங்காயத் தாள் கருகருவென்று நிமிர்ந்தது. வீசியதில் பாதி, பாய்ச்சிய தண்ணீரோடு கிணற்றுக்கே இறங்கியது எங்களுக்குத் தெரியவில்லை.

சில போகம் கழித்து ஒரு காலை, மாமி குடத்தோடு எங்கள் படலையைத் தாண்டிப் போனார்.

"ஏன் மாமி, எங்கட தண்ணிக்கு என்ன?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கோயில் கிணறு கிட்டத்தானே."

கோயில் கிணறு அரை மைல் தூரம். வீட்டுக்குள் வந்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன், அடிநாக்கில் கைத்தது. ஐயாவிடம் சொல்லவில்லை. அந்த முறை எங்கள் வெங்காயம்தான் ஊரிலேயே பெரிது.