நடுப்பகலில் விடியும் வளவு

எங்கள் பின்வளவுக்கு விடிவது நடுப்பகலில்தான். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி எழும்பாமல் மிஞ்சிப்போன வீடு எங்களுடையது. மூன்று பக்கமும் தொடர்மாடிகள். காலை வெயிலை ஒரு மாடி மறிக்கும், பின்னேர வெயிலை மற்றது மறிக்கும். சூரியன் தலைக்கு நேரே வரும்போது மட்டும் வெளிச்சம் சுவரால் இறங்கி, உடுப்புத் தோய்க்கும் கல்லில் விழுந்து, கத்தரிப் பாத்தியையும் வெண்டிப் பாத்தியையும் தொட்டுவிட்டுப் போய்விடும். அந்தக் கொஞ்ச வெயிலை நம்பி என் கணவர் ஒரு தோட்டமே செய்தார். எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலத்தில் தொடங்கியது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அவர் மண்வெட்டியை வைக்கவில்லை.

கோழிகளும் அவர் வாங்கியவைதான். எல்லாமே பேடுகள், பெட்டைக் கோழிகள். சேவல் வைக்க மாட்டோம் என்று பக்கத்து மாடிக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். சேவல் கூவினால் அவர்களுக்கு நித்திரை கெடுமாம். காலி வீதி பஸ்ஸுக்கும் கரையோர ரயிலுக்கும் கெடாத நித்திரை ஒரு சேவலுக்குக் கெட்டுவிடும் என்றதைக் கேட்டு நான் சண்டைக்குப் போகப் புறப்பட்டேன். "விடுமப்பா, முட்டைக்குச் சேவல் தேவையில்லைத்தானே," என்று அவர்தான் என்னை அடக்கினார்.

பிறகு ஒரு நாள் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போனது. வாய் ஓயாத மனிதர் அவர். கத்தரிச் செடியோடு கதைப்பார், கோழியோடு அரசியல் கதைப்பார், கேட்க ஆளில்லாவிட்டால் ரேடியோவோடு வாதாடுவார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு பின்னறைக் கட்டிலில், வளவைப் பார்க்கும் யன்னலோரம் கிடந்தார். யன்னல் பக்கம் தலையைத் திருப்புவதேயில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பிள்ளை பொறுமைசாலி. "ஆ சொல்லுங்கோ அங்கிள்" என்று மாதக்கணக்கில் கேட்டாள். ஒரு முனகல்கூட வரவில்லை. போகும்போது வாசலில் வைத்து, இவ்வளவு காலம் வராதது இனி வருவது கஷ்டம் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சத்தம். என் பெயர்கூட வேண்டாம், ஏதாவது ஒரு சத்தம். அது வராமலே போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்த நடுப்பகல் வந்தது. நான் குசினியில் பசளிக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வளவில் வெயில் இறங்கும் நேரம். கோழிகளின் கொக்கரிப்பு ஒரேயடியாக நின்றது. அந்த அமைதியில் ஒரு கூவல் எழுந்தது. முழுக்கூவல் இல்லை. தொண்டைக்குள் ஏதோ சிக்கி, அதை இழுத்துக்கொண்டு வெளியே வருவது போன்ற சத்தம். மூன்று மாடிச் சுவர்களிலும் அது மோதித் திரும்பியதால் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கையில் கீரையோடு கதவடிக்குப் போனேன்.

தோய்க்கும் கல்லின் மேல், வெயிலுக்கு நடுவே, எங்கள் கறுப்புப் பேடு நின்றது. கழுத்தை நீட்டி மறுபடியும் கூவியது. மற்றக் கோழிகள் முருங்கையடி நிழலில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அது கூவி முடித்துவிட்டு ஒரு கண்ணை என் பக்கம் திருப்பியது. நான் உயிரியல் படிப்பித்தவள். பேட்டின் சூலகம் பழுதானால் உடம்பு சேவல் பக்கம் சாயும் என்று எத்தனையோ வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் ஓர் அடி பின்னுக்கு வைத்தேன். கொண்டை எப்போது இவ்வளவு சிவந்தது, காலில் அந்த முள் எப்போது முளைத்தது என்று யோசித்தபடி திரும்பினேன்.

யன்னலில் என் கணவரின் முகம் இருந்தது. தலையைத் திருப்பியிருந்தார். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. "ஹ்...ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். கட்டிலோரம் இருந்து அழுதேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமோ என்று நம்மவர்கள் பொம்பிளையின் வாயை அடைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது கூவித்தான் பொழுது விடிந்தது. ஒவ்வொரு நடுப்பகலும் வெயில் கல்லுக்கு வரும், கறுப்பி ஏறும், கூவும். இவர் பதில் கொடுப்பார். சத்தம் நாளுக்கு நாள் நீண்டது. பயிற்சிப் பிள்ளையை மீண்டும் கூப்பிட்டேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எதாலை வந்தாலும் பரவாயில்லை அன்ட்டி, வரட்டும்," என்றாள்.

மாடிக் காவலாளி வாசல் படலையடிக்கு வந்து, "நோனா, குக்குளெக் கெனாவத?" என்று கேட்டார். சேவல் கொண்டுவரவில்லை, பேடுதான் கூவுகிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, வந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "ஹொந்த நெஹெ நோனா," நல்லதில்லை என்று சொல்லிவிட்டு, கறுப்பிக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

என் மச்சாளும் அதையேதான் சொன்னார். அவர் என் கணவரின் தமக்கை. எதிர் மாடியில் தனியாக இருக்கிறார். தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தினமும் கோயில் திருநீற்றோடு வந்து தம்பியின் நெற்றியில் பூசாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டார்.

"பேடு கூவினா வீட்டிலை உயிர் போகும். கூவின அண்டைக்கே அறுத்துப் போடவேணும். அதுவும் வருத்தக்காரன் கிடக்கிற வீட்டிலை. உமக்கு விளங்கேல்லையே?"

"அது கூவினதாலைதான் மச்சாள் அவருக்குச் சத்தம் வந்தது."

"அது குடுக்கிற சத்தமில்லை. எடுக்கிற சத்தம்."

நான் சிரித்தேன். ஆனால் சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முதல் நாள் மழை மூட்டம். வெயில் கல்லுக்கு வரவேயில்லை. கறுப்பி மற்றவற்றோடு கூட்டுக்குள்ளேயே கிடந்தது. அந்த நேரத்துக்கு, யாரும் கூவாமலே, பின்னறையிலிருந்து இவர் சத்தம் வைத்தார். கறுப்பி கூட்டிலிருந்து வெளியே வந்தது. மழையில் நனைந்தபடி கல்லில் ஏறி, யன்னலைப் பார்த்து, பதில் கூவியது. யார் யாரை அழைக்கிறார்கள் என்று எனக்கு அதன் பிறகு தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற நான் இரண்டு பேருக்கும் தேவைப்படாத ஆள். பொறாமை என்று சொன்னால் வெட்கம், ஆனால் அதுதான். முப்பது வருடம் சமைத்துப் போட்டவளை விட்டுவிட்டு ஒரு கோழியோடு கதைக்கிறார். இதை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கத்தியோடு வந்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மருந்து வாங்கக் காலி வீதிக்குப் போனேன். மச்சாள் வந்து தம்பியோடு இருந்தார். திரும்பி வந்து படலையைத் திறக்கும்போதே மஞ்சள் தண்ணி மணம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கல் கழுவப்பட்டு, மஞ்சள் தெளிக்கப்பட்டு, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. கோழிகள் கல்லைச் சுற்றி ஒரு வெறும் இடம் விட்டு நின்றன. ஒன்றும் கிட்டப் போகவில்லை. கறுப்பி இல்லை.

"கோயிலுக்கு ஏத்திற ஓட்டோக்காரரிட்டைக் குடுத்திட்டன்," என்றார் மச்சாள். குரல் நடுங்கவில்லை. "அறுத்துச் சாப்பிடச் சொன்னனான். எங்கடை வீட்டிலை சமைக்கக் கூடாது. நீர் என்னைப் பேசினாலும் பரவாயில்லை. எனக்கு அவன் உயிரோடை வேணும்."

பேசினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். படியாத சனம் என்றேன், அவர் என்னைவிடப் படித்தவர் என்பது தெரிந்தும். அவர் தம்பியின் காலை உருவிக்கொண்டே இருந்தார். ஓட்டோக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். கறியாகிவிட்டது என்றார்.

அதன் பிறகு நடுப்பகல்கள் கொடுமையாகின. வெயில் சுவரால் இறங்கி வெறும் கல்லில் விழும். இவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். வாய் திறக்கும். ஒன்றும் வராது. வெயில் போகும்வரை வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சாப்பாட்டையும் தள்ளத் தொடங்கினார். கன்னம் ஒட்டியது. மச்சாள் வருவார், திருநீறு பூசுவார், போவார். நான் அவரோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். தோட்டத்துக்குத் தண்ணீர்கூட விட மனம் வரவில்லை. கத்தரி வாடி நின்றது.

அன்றைக்கும் மச்சாள் வந்திருந்தார். குசினியில் நான் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் கதவடியில் நின்று கோழிகளுக்கு அரிசிக்குறுணி எறிந்துகொண்டிருந்தார். வளவுக்கு வெயில் இறங்கியது. கோழிகள் கொத்துவதை நிறுத்தின.

கூவல் எழுந்தது.

சிக்கல் இல்லாத, நீண்ட, முழுக்கூவல். மாடிச் சுவர்கள் அதை வாங்கி மேலே மேலே ஏற்றின. மச்சாளின் கையிலிருந்து குறுணிச் சுளகு விழுந்தது. "இன்னொண்டும் தொடங்கீட்டுது," என்று சொல்லிக்கொண்டு வளவுக்குள் இறங்கினார். நானும் பின்னால் போனேன். கல்லின் மேல் ஒன்றும் இல்லை. கோழிகள் எல்லாம் முருங்கையடியில் நின்றன. ஒன்றின் கழுத்தும் நீளவில்லை. எல்லாத் தலைகளும் யன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

யன்னலுக்குள் என் கணவர் இருந்தார். யாரும் தூக்காமல், இடக்கையைக் கட்டிலில் ஊன்றி, எழும்பி உட்கார்ந்திருந்தார். நாடி மேலே தூக்கியிருக்க, கழுத்து நரம்பு புடைக்க, கண்கள் கல்லின் மேல். எங்கள் கண் முன்னே வாயைத் திறந்து மறுபடியும் கூவினார். கறுப்பியின் கூவல்தான், தொண்டைச் சிக்கல் மட்டும் இல்லை. அந்த இழுப்பு, கடைசியில் அந்த இறக்கம், எல்லாம் அப்படியே இருந்தன.

மச்சாள் மஞ்சள் கறை போகாத அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்தது பயமா சந்தோசமா என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

"இப்ப ஆரை மச்சாள் ஓட்டோக்காரரிட்டைக் குடுக்கப் போறியள்?"

அவர் அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. கேட்ட கேள்விக்காக எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. உள்ளே போய் என் கணவருக்குக் கஞ்சி கொடுத்தேன். கிண்ணம் முடியக் குடித்தார். குடித்து முடித்து என்னைப் பார்த்தார். கோழியைப் பார்த்த பார்வைதான். அதுவும் எனக்குப் போதும் என்று இருந்தது.

மறுநாள் நடுப்பகல், அந்தச் சத்தம் அடங்கிய கையோடு படலை தட்டப்பட்டது. காவலாளி. மேல்மாடியில் முறைப்பாடு என்று மேலே கையைக் காட்டிவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். "குக்குளெக் கெனாவத நோனா?"

நான் வாயைத் திறக்க முதல் மச்சாள் என்னை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். கோயிலால் வந்த கோலம், விரலில் இன்னும் திருநீறு. படலைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"குக்குளெக் நெமெய்," என்றார். சேவல் இல்லை. பிறகு, மேல்மாடி யன்னல்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி, "மகே மல்லி," என்றார். என் தம்பி.

காவலாளி அவரையும் என்னையும் பார்த்தார். பின்னறையிலிருந்து அது மீண்டும் எழுந்தது. மச்சாள் படலையை விடாமல், கண்ணை மூடிக்கொண்டு, அது முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.