அரண்மனைக்கு வெளியே ஒரு மரத்தடி

விருந்தாளிகள் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இரணியலுக்குப் பக்கத்தில் வீடு வாய்த்த பாவத்துக்கு அந்தப் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்திருந்தது. காலையில் அரண்மனை, மத்தியானம் மாத்தூர் தொட்டிப்பாலம், சாயங்காலம் கன்னியாகுமரி. வருகிறவர்கள் மாறுவார்களே தவிர வழி மாறாது. எட்டு வயதிலேயே எனக்கு அந்த அரண்மனை அலுத்துப்போயிருந்தது. ராஜாவின் மூலிகைக் கட்டிலைக் காட்டி வழிகாட்டி வாயைத் திறக்கும் முன்பே நான் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவேன்.

அம்மாவுக்கு அந்த நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். எலுமிச்சம்பழச் சோறும் காணப்பயறுத் துவையலும் செய்து, வாழைக்காய் வறுத்து, எழுந்து வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காப்பி போட்டு, எல்லோரும் குளித்து முடித்த பிறகு தான் குளித்து, ஈரத்தலையோடு கடைசி ஆளாக வேனில் ஏறுவாள். அரண்மனை வாசலில் இறங்கியதும் பைகளை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவாள். செருப்பைக் கழற்றி வைக்க அங்கே இடம் உண்டுதான். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் செருப்பு விஷயத்தில் அம்மாவைத் தவிர யாரையும் நம்புவதில்லை.

"நான் எத்தனையோ மட்டம் பாத்தாச்சு. நீங்க போயிட்டு வாருங்கோ" என்பாள்.

அந்த வருஷம் பள்ளி விடுமுறையில் அத்தையும் மாமாவும் வந்தார்கள். மாமாவுக்குக் கப்பலில் வேலை. அவர் கால் படாத துறைமுகம் இல்லை என்று அத்தை சொல்வாள். கூடவே அவர்களுடைய கைக்குழந்தை. நல்ல கனமான பிள்ளை, இடுப்பை விட்டு இறங்காது.

வந்த அன்றே மாமா தன் படங்களை எல்லாம் டிவியில் ஓடவிட்டார். பிரான்சின் ஈபில் கோபுரத்தின் உச்சியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்திருந்தார். எகிப்தின் பிரமிடை உள்ளங்கையில் தாங்கினார். பைசாவில் சாய்ந்த கோபுரத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு கட்டடமும் நிற்காது போலிருந்தது. பாதிப் படங்களில் அத்தையும் கறுப்புக் கண்ணாடியோடு நின்றாள்.

படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் அரண்மனையில்கூட அம்மா நிற்கிற படம் ஒன்று இல்லை. அடுக்களைக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் அரண்மனைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். "பெரிய வீடு, பின்ன என்ன" என்றாள். ராஜா கட்டில் எந்த அறையில் என்று கேட்டேன். துருவுவதை நிறுத்தாமல், "கட்டிலு உண்டா?" என்றாள்.

அம்மா ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. உலகத்தில் என் அம்மாவைப்போல ஏமாற்றப்பட்டவள் வேறு யாரும் இல்லை என்று நினைத்தேன். அவளை எப்படியாவது உள்ளே அனுப்பியே தீருவது என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் வேனிலிருந்து முதல் ஆளாகக் குதித்து, ஓடிப்போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, நீ போ. நான் செருப்பு பாக்கேன்."

"சவத்த விடு மக்கா. எனக்குக் காலு கடுக்குது. நீ போயிட்டு வா."

"நீ ஒரு மட்டமும் பாக்கல்ல. எனக்குத் தெரியும்" என்று அழத் தொடங்கினேன்.

அப்பா அம்மாவை யாரோபோலப் பார்த்தார். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பாக்கல்லியா? அப்பம் நீயும் வாட்டி, பிள்ளை ஆசைப்படுதால்லா." அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைகளை என் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள். அத்தை கைக்குழந்தையை அவள் இடுப்பில் மாற்றியது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு கையும் ஒழிந்தால்தானே படம் எடுக்க முடியும்.

வேன் டிரைவர் அண்ணன் பக்கத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லோருடைய செருப்பையும் வரிசையாக அடுக்கினேன். அம்மாவின் செருப்பை நடுவில் வைத்தேன். ஒரு அரண்மனையையே அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமை எனக்கு.

முதலில் மாமா வந்தார். "கொள்ளாம். ஆனா அங்கயெல்லாம் இது குதிரை கெட்டுத இடத்துக்குக் காணாது" என்றார். பின்னாலேயே மற்றவர்கள். கடைசியாக அம்மா. குழந்தை அவள் தோளில் தூங்கியிருந்தது. ரவிக்கையெல்லாம் எச்சில். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள்.

"என்னெல்லாம் பாத்த?"

அம்மா உண்மையாகவே யோசித்தாள். "தரை நல்ல கறுப்பு. பிள்ளையோட வழுக்கி விழுந்திரக் கூடாதுன்னு அதையேதான் பாத்துட்டு நடந்தேன்."

மாமா அம்மாவையும் ஒரு படம் எடுத்திருந்தார். அதில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அதற்குள் எல்லோருக்கும் பசி. அம்மா உட்காராமலேயே இலை போட்டுப் பரிமாறினாள். எனக்கு மட்டும் ஒரு கை வாழைக்காய் கூடுதலாக வைத்தாள். வேனில் என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். மாத்தூர் வந்தும் எழவில்லை. பாலத்தைக்கூடப் பார்க்காமல் உறங்குகிறாளே என்று அத்தை சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு செய்தும் அம்மாவுக்கு அதன் அருமை தெரியவில்லையே என்று கோபம்கூட வந்தது.

போன வருஷம் கணவர் வீட்டாரோடு ஆக்ரா போனோம். ராத்திரி முழுக்க ரயில், பல் தேய்க்கிற வரிசையிலிருந்து தொடங்கிய பாடு. தாஜ்மகால் வாசலில் பைகளோடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நான் காலேஜ் டூர்ல பாத்துட்டேன். நீங்க போங்க" என்று என் வாய் தானாகச் சொன்னது. நான் எந்த டூருக்கும் போனதில்லை. மூட்டுவலிக்காரியான மாமியாரும் நானும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் உடனே கண்ணயர்ந்தார். காலை நீட்டினேன். யாரும் தண்ணீர் கேட்கவில்லை, யாரும் எதையும் எங்கே என்று கேட்கவில்லை. அம்மா ஏன் ஒரு தடவைகூட அரண்மனைக்குள் போக ஆசைப்படவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ கிடைத்த ஒரே மரத்தடி அது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் மகள் வரிசையை விட்டுத் திரும்பி ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்க, பைகளுக்கு நடுவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ போ. பாட்டிகூட இருந்து நான் பேக் எல்லாம் பாத்துக்கறேன்."

அவள் முகம் முழுக்க அந்தப் பெருமை. அதை நான் எப்படிக் கலைப்பேன்? அன்றைக்கு அரண்மனை வாசலில் அம்மா என் முகத்தில் என்ன பார்த்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து போனேன். தாஜ்மகால் நல்ல வெள்ளையாக இருந்தது.