சாமி அலுமாரியில் காய்ந்த அணில்

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. அவருடைய எந்தப் பொழுதுபோக்கும் ஒரு பனிக்காலத்தைத் தாண்டியதில்லை. கிற்றார் வந்து சுவரில் தொங்கியது. மீன்தொட்டி வந்து வெறும் தொட்டியானது. ஆகவே, வீட்டிலேயே துணியில் படம் அச்சடிக்கப் போகிறேன் என்று அவர் மரச்சட்டமும் வலைத்துணியும் மைப்போத்தலுமாக வந்து இறங்கியபோது, அம்மா தலையில் அடித்துக்கொண்டார். குளியல்தொட்டியில் மை பட்டால் வீட்டை விட்டுக் கலைத்துவிடுவேன் என்றார்.

நான் மாமாவின் கட்சி. பள்ளிக்கூடத்தின் கடைசி நாளுக்கு நான் வரைந்த படத்தையே டீ-சேர்ட்டில் அச்சடித்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். வாயில் பேகல் என்ற வளைய ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடும் அணில். அதை வகுப்பு முழுவதற்கும் பிரெஞ்சில் பறைசாற்றியும் விட்டேன். இனி அணில் இல்லாமல் போனால் என் மானம் கப்பலேறிவிடும்.

வேலை இப்படி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் பச்சை நிற மருந்து ஒன்றைப் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். காய்ந்தபின் கறுப்பு மையில் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மருந்து இறுகிவிடும். படம் மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கழன்று போகும். அந்த வழியாகத்தான் மை துணியில் இறங்கும்.

எங்கள் வீட்டில் இருட்டுக்குப் பஞ்சம். அலுமாரிகளெல்லாம் பனிக்கால ஜாக்கெட்டுகளால் பிதுங்கி, கதவு சாத்த முடியாமல் நின்றன. ஒழுங்காகச் சாத்தக்கூடிய ஒரே அலுமாரி சாமிப்படங்கள் இருந்ததுதான். மாமா அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. போர் முடிந்தபிறகு ஊரிலிருந்து வந்தவர். கோயிலுக்குக் கூட்டிப்போனாலும் காருக்குள்ளேயே இருந்துவிடுவார். அதுபற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அம்மா மட்டும் அவருக்காகவும் சேர்த்துக் கும்பிடுவார்.

"இதுக்குள்ள ஒரு துளி வெளிச்சமும் வராது" என்று சொல்லி, மருந்து பூசிய சட்டத்தைக் கீழ்த்தட்டில் படுக்கவைத்து மாமா கதவைச் சாத்தினார். பெரிய பல்ப் ஒன்று வாங்க நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். அன்று வெள்ளிக்கிழமை என்பது இருவருக்கும் நினைவில்லை.

திரும்பி வந்தபோது வீடெல்லாம் சாம்பிராணி வாசம். சாமி அலுமாரி அகலத் திறந்துகிடந்தது. உள்ளே டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது. அம்மா வேலையால் வந்து, குளித்து, தேவாரம் முழுவதையும் பாடி முடித்திருந்தார். எங்கள் சட்டத்தின்மேல் பால்கனிச் செவ்வந்திப் பூக்கள், ஒரு துளசிக்கொப்பு, நடுவில் சந்தனப் பொட்டு.

"என்ர அணில்!" என்று நான் வீடு அதிர அழுதேன்.

மருந்துப் போத்தலில் மிச்சமில்லை. மாமா சட்டத்தைக் குளியல்தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்தார். பூ இருந்த இடத்தில் பூவாகவும், துளசி இருந்த இடத்தில் இலை இலையாகவும் மருந்து கழன்றது. பொட்டு ஒரு சின்ன வட்டமானது. மாமா என்னைப் பார்த்தார். என் அழுகை பாதியில் நின்றது. அப்படி ஒரு வடிவை நான் அதுவரை கண்டதில்லை.

டீ-சேர்ட்டில் நீல மையில் அது பதிந்தபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நான் வைச்ச பூவெல்லோ இது! நீ உன்ர சாமானைக் கொண்டுவந்து சாமிக்கு முன்னால வைச்சிருக்கிறதைக் கண்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது, தம்பி. புதுச் சாமானுக்குப் பூ வைக்காமல் விடலாமே?"

"இல்லையம்மா, மாமா இருட்டுக்குத்தான்..." என்று நான் தொடங்கினேன். மாமாவின் மை பட்ட கை என் தலையில் வந்து இருந்தது.

"ஓம் அக்கா" என்றார். "சாமிக்குத்தான் வைச்சனான்."

வகுப்பில் எல்லாரும் அணில் எங்கே என்று கேட்டார்கள். பூவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று சமாளித்தேன். அந்த டீ-சேர்ட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.

அச்சு வேலை பனிக்காலங்களைத் தாண்டியும் மாமாவிடம் நிலைத்துவிட்டது. அணிலும் பிறகு பேகலோடு வந்து சேர்ந்தது. குளியல்தொட்டியின் ஓரத்தில் இருந்த நீலக் கறையை அம்மா கண்டும் காணாதவராக இருந்தார். அப்பா நிலக்கீழ் அறையில் நல்ல இருட்டு அலுமாரி ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். ஆனாலும் புதிதாக ஒரு சட்டம் வாங்கினால், மருந்து பூசுவதற்கு முன்பே மாமா அதைச் சாமி அலுமாரிக்குத்தான் கொண்டுபோவார்.

இத்தனை அச்சடித்தும் மாமாவுக்கு இந்தச் சின்ன விஷயம் விளங்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருக்கும். "மாமா, மருந்து பூசாததுக்கு இருட்டுத் தேவையில்லை" என்று திருத்தியும் பார்த்தேன்.

"ஓமோ?" என்பார். சட்டத்தைக் கீழ்த்தட்டில் படுக்கவைத்து, கதவைச் சாத்தாமல், அம்மா பூவோடு வரும்வரை அங்கேயே நிற்பார்.