ஜிம்மியின் வெள்ளிக்கிழமை சார்டின்

எங்கள் ஜிம்மிக்குத் திடீரென்று நல்ல பழக்கம் வந்துவிட்டதாக நாங்கள் எல்லாரும் நம்பினோம். மாசாய் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அந்தக் குட்டை நாயின் அட்டகாசம் பிரசித்தம். சாயங்காலம் அப்பா தொழிற்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது தெருமுனையில் காத்திருந்து, குரைத்துக்கொண்டே வீடு வரை கூடவே ஓடிவரும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருடம் அது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டு, பிறகு நிதானமாக நடந்து வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்காகூட, "இப்பதான் இதுக்கு மரியாதை தெரியுது" என்று மெச்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வளர்த்தது நான்தானே.

அப்பாவும் அப்போதெல்லாம் மோட்டாரை நிறுத்தியதும் உள்ளே வரமாட்டார். வாசல் போர்ச்சில் ஜிம்மியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவார். நாய்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தோம்.

ஜிம்மிக்கு வருடாந்திர ஊசி போடக் கால்நடை கிளினிக்குக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. சீன டாக்டரம்மா ஜிம்மியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். படமும் எடுத்துப் பார்த்தார். இதயத்தின் வால்வு சரியாக மூடவில்லை, இதயம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்று மலாய் மொழியில் விளக்கினார். நான் அங்கேயே அழுதேன். முன்கூட்டியே தெரிந்ததால் பயமில்லை, மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். தூங்கும்போது மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும், வேகம் கூடினால் உடனே கொண்டுவர வேண்டும்.

ஜிம்மியைப் போர்ச்சைத் தாண்டி உள்ளே விடாத அம்மாதான் இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டார். இட்லி, ரொட்டி என்று எதில் மறைத்தாலும் அது மாத்திரையை மட்டும் அழகாகத் துப்பியது. சார்டின் மீனில் வைத்தால்தான் உள்ளே போனது. வெள்ளிக்கிழமை வந்ததும் சிக்கல். அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டை வாசனைகூட எழக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து ஓர் ஆம்லெட்டுக்கு அப்பா மன்றாடித் தோற்றிருக்கிறார். அம்மா தயிர்ச்சோற்றில் வைத்துப் பார்த்தார். சோறு போனது, மாத்திரை தட்டில் கிடந்தது. சாமி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பின்வாசலுக்குப் போய்ச் சார்டின் டின்னைத் திறந்தார்.

"மருந்துக்கு ஏது விரதம்?" என்றார்.

"அப்ப எனக்கும் ஒரு மாத்திர எழுதித் தரச் சொல்லு லா" என்றார் அப்பா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்ட களைப்பில் அப்பா ஹாலில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியையும் அவர் நெஞ்சையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன.

"அம்மா, அது அப்பா லா. ஜிம்மி வெளிய இருக்கு."

"பேசாத. எண்ணிக்க விட்டுப்போச்சு" என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

மறுநாள் அப்பாவை வேலைக்கு விடாமல் கிளினிக்குக்கு இழுத்துப்போனார். அப்பாவுக்கும் இதயத்துக்கு மாத்திரை வந்தது. ஜிம்மி அதன்பிறகும் சில வருடங்கள் சந்தோஷமாக இருந்தது. அப்பா இன்றும் வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சார்டின் எங்கே என்று கேட்கிறார். தண்ணீர்தான் கிடைக்கிறது.

நாய்க்கும் அப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத அம்மா என்று வகுப்பில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். போர்ச்சில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தது ஒருவரல்ல, இருவர் என்பதை வீட்டில் அம்மா மட்டும்தான் பார்த்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.