வட்டுக்கோட்டையில் நாலு சுதந்திர முத்திரைகள்

இலங்கை சுதந்திரம் பெற்ற முதலாம் ஆண்டு நிறைவுக்கு வந்த நாலு முத்திரைகளும் கொழும்பில் எளிதாகக் கிடைக்கும். எனக்கோ வட்டுக்கோட்டைத் தபாற்கந்தோரின் சீல் விழுந்தவைதான் வேண்டும். வருடக்கணக்காகத் தேடினேன். போன மாசியில், நான் தேடுவதைக் கேள்விப்பட்டு அந்த ஊர் அக்கா ஒருவர் போன் எடுத்தார். “என்ரை மனுசன் சேர்த்தது. ஒருக்கா வந்து பாருங்கோ.” விற்பதாக அவர் சொல்லவேயில்லை. ஆசை பிடித்த காதுக்கு அது எங்கே கேட்கிறது?

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயில். யாழ்ப்பாணத்தில் இறங்க மத்தியானம் தாண்டிவிட்டது. பஸ் உண்டு, எனக்குப் பொறுமையில்லை. ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

“முத்திரை பாக்கவோ இவ்வளவு தூரம்? இப்ப ஆர் அண்ணை கடிதம் எழுதுகினம்?” என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு. ஒரே ஒரு ஆல்பத் தாளை மேசையில் வைத்தார். “சண்டை நேரம் கொடிகாமத்துக்கு இடம்பெயரேக்கை இது மட்டும்தான் கையிலை வந்தது. மிச்சமெல்லாம் வீட்டோடை எரிஞ்சு போச்சு.” நாலும் இருந்தன, சீல் தெளிவாக.

“பாக்கட்டுமா?” என்றேன். “பாருங்கோ” என்று தேத்தண்ணி போடப் போனார்.

முத்திரையின் பின்னால் பசை தடவிய சின்னத் தாள்துண்டு ஒன்று இருக்கும்; நாக்கால் நனைத்துத்தான் ஆல்பத்தில் ஒட்டுவோம். பின்பக்கம் பழுதில்லையா என்று பார்க்க, ஈரத் தூரிகையால் அதை இளக்குவது எங்கள் வழக்கம். முதலாவதை இளக்கினேன்.

“ஐயோ தம்பி, தண்ணி படவிடாதேங்கோ!” அக்கா கோப்பையை வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

“அது இவரின்ரை எச்சில். விசாரிக்கவெண்டு இவரைக் கூட்டிக்கொண்டு போச்சினம், பிறகு வரேல்லை. இப்ப புதைகுழியிலை எலும்புகள் தோண்டி எடுக்கினம். ஆரெண்டு பாக்கச் சொந்த இரத்தம் வேணுமாம். இவருக்குத் தாய் தேப்பனில்லை, சகோதரமில்லை, எங்களுக்குப் பிள்ளையுமில்லை. என்ரை இரத்தம் உதவாது தம்பி. இந்தத் தாளிலை எச்சில் இன்னும் இருக்குமோ? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டனான்.”

“எனக்குத் தெரியாது, அக்கா.” செத்துவிடலாம் போலிருந்தது.

போகிறவர்களுக்கு: ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தூரிகையைப் பையை விட்டு எடுக்காதீர்கள். ஒட்டியது யார், அவர் இப்போது எங்கே என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. வாசல் படலையடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அக்கா என்னைத்தான் தேற்றினார்.

“அழாதேங்கோ தம்பி. இன்னும் மூண்டு கிடக்குத்தானே.”