செபெலாவுக்கு எந்தத் தூண்டில்

எங்கள் வீட்டில் மீன்பிடிப்பதைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அப்பா, இன்னொருத்தி நான். அப்போது தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பாட்டில் அடிக்கடி தடுமாறுவேன். ஆனால் எந்த மீனுக்கு எந்த முள், எவ்வளவு ஈயம், இறாலா ரப்பர் புழுவா என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா என்னைப் புக்கிட் மேராவிலிருந்து பிடோக் படகுத்துறைக்கு அழைத்துப் போவார். அம்மா வரமாட்டாள். கடல்வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நாங்கள் கொண்டுவரும் மீனைக்கூட மூக்கைச் சுருக்கிக்கொண்டுதான் கையில் வாங்குவாள்.

அதிலும் செபெலா என்றால் தொடவே மாட்டாள். கடலடி மணலில் தட்டையாகப் படுத்துக் கிடக்கும் நாக்குமீன் வகை அது. மலாய்க்காரர்கள் சொல்லும் பெயரையே நாங்களும் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு இரண்டு கண்களும் உடம்பின் ஒரே பக்கத்தில் இருக்கும். "ரெண்டு கண்ணையும் ஒரே பக்கம் வச்சிக்கிட்டு என்னையே பாக்குது. இத நான் எப்படி ஆயுறது?" என்பாள் அம்மா. அப்பாவே ஆய்ந்து, கழுவி, துண்டு போட்டுக் கொடுப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்பல் தடவிப் பொரிப்பாள். சாப்பிடும்போது மட்டும் எங்கள் இருவரையும்விட ஒரு துண்டு கூடுதலாக அவள் தட்டில்தான் இருக்கும்.

அப்பாவுக்கு எல்லா மீனையும்விட அதன்மீதுதான் பிரியம். "அது சோம்பேறி லா. படுத்துக்கிட்டே மேல பாத்துக்கிட்டு இருக்கும். சாப்பாடு கண்ணுக்கு முன்னால ஊர்ந்து போனாத்தான் எந்திரிக்கும்" என்பார். அதனால் தூண்டிலும் அதன் குணத்துக்கு ஏற்றபடி அமைய வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள ஈயக்குண்டு தூண்டில் நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் கடித்தவுடன் கனம் தெரிந்து மீன் துப்பிவிடும். அதற்குக் கீழே மெல்லிய நரம்பில் நீளக் கழுத்துள்ள சின்ன முள். முள்ளுக்குச் சற்று மேலே இரண்டொரு பாசிமணிகள். முள்ளில் உரித்த இறால் துண்டு, இறால் கிடைக்காத நாளில் வெள்ளை ரப்பர் புழு. தூரத்தில் வீசி, மணலில் தூசு கிளம்பும்படி மெதுவாக இழுத்துவர வேண்டும். கடித்தவுடன் தூக்கிவிடக் கூடாது. முதல் கடி ருசி பார்ப்பதற்கு. கொஞ்சம் விட்டு, நரம்பு கனத்ததும்தான் இழுக்க வேண்டும். இதெல்லாம் அப்பா சொல்லிச் சொல்லி எனக்குப் பாட்டுப்போல மனப்பாடமாகியிருந்தது.

அந்த ஆண்டு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். வலது கால் மெல்ல மெல்ல அசையத் தொடங்கியது. கை அவ்வளவாக அசையவில்லை. பேச்சுதான் எங்களை நிலைகுலைய வைத்தது. குரல் இருந்தது, நாக்கும் புரண்டது. ஆனால் தேடிய சொல் வராமல் வேறொரு சொல் வந்து நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்பார். ஒரு நாள் என்னைப் பார்த்து, மிகுந்த பாசத்தோடு, "செவ்வாய்க்கிழமை" என்று கூப்பிட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர் அப்பா. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுவதும் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தாலும் பேச்சு நிற்காது. அப்படிப்பட்டவர் இப்போது வாயே திறக்கவில்லை. வேலையிடத்து நண்பர்கள் பழங்களோடு பார்க்க வந்தால் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வார். அவர்கள் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போவார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கத் தமிழ் தெரிந்த ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து பட அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கோப்பை, சீப்பு, நாய்க்குட்டி. பாலர் பள்ளியில் நான் பார்த்த அட்டைகளைப் போலவே இருந்தன. அப்பா நாய்க்குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடக்கையால் அட்டைகள் அனைத்தையும் தரையில் தள்ளிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். "இது நாய்க்குட்டிப்பா" என்று உதவியாக எடுத்துச் சொன்னேன்.

"நீங்க சொல்லித் தரக் கூடாதும்மா" என்றார் அந்த அக்கா. கிளம்பும்போது மின்தூக்கியருகே அம்மாவிடமும் அதையே சொன்னார். "வார்த்தைய அவரே தேடி எடுக்கணும். லேட் ஆனாலும் வெயிட் பண்ணுங்க. அவருக்குப் பிடிச்ச விஷயம் எதாச்சும் இருந்தா அதப் பத்திப் பேச வைங்க."

நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது அந்த அட்டைகளுக்கான விதி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை பிற்பகலில் அம்மா சேமிப்பறையிலிருந்து அப்பாவின் தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைத் தொட்டதே இல்லை அவள். கட்டில் ஓரத்தில் செய்தித்தாளை விரித்து, பெட்டியைத் திறந்து வைத்து, "என்னங்க, நாளைக்கு நான் மீன் பிடிக்கப் போறேன்" என்றாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "செபெலா பிடிக்கலாம்னு இருக்கேன். இது நல்லா பளபளன்னு இருக்கு, இதையே மாட்டிடவா?"

அவள் கையில் இருந்தது சீலா மீனுக்கான வெள்ளித் தகடு. வேகமாக நீந்தும் மீனைத் துரத்த வைப்பதற்கான போலி இரை அது. வாலில் மூன்று கொக்கி முள் தொங்கும். மணலில் இழுத்தால் முதல் கல்லிலேயே சிக்கிக்கொள்ளும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அம்மா, அது சீலாவுக்கும்மா. செபெலாவுக்குச் சின்ன முள்ளு, நீளக் கழுத்து..."

"நீ போய் ஹோம்வர்க் செய்."

நான் கதவோரத்தில் நின்றுகொண்டேன். அம்மா அந்தத் தகட்டை நரம்பில் கட்ட ஆரம்பித்தாள், அதுவும் காலணிக்கயிறு கட்டுகிற முடிச்சால். அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். தலையை ஆட்டினார். அம்மா கவனிக்காததுபோல் அடுத்த முடிச்சைப் போட்டாள். அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு, "குடை" என்றார்.

அம்மா எழுந்துபோய், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்பா குடையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. குடையைக் கட்டிலில் போட்டுவிட்டு இடக்கையால் பெட்டியைத் துழாவினார். "இல்ல... இல்ல... சி... சி..." அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கோ அந்தச் சொல் நாக்கு நுனியில் துடித்தது. "சின்ன" என்றார் அப்பா கடைசியில்.

"சின்னதா? இதுவா?" அம்மா பெட்டியில் அடுத்து இருந்த பெரிய முள்ளை எடுத்தாள்.

அன்று பிற்பகல் முழுவதும் இப்படியே போனது. ஈயம் என்றால் அம்மா ஆகப் பெரியதை எடுத்தாள். பாசிமணியை முள்ளுக்குக் கீழே கோக்கப் பார்த்தாள். ரப்பர் புழுக்களில் பச்சை வால்தான் தன் சேலைக்குப் பொருத்தம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா மூச்சு வாங்கி, வியர்த்து, தவறான சொல்லைச் சொல்லி, அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடினார். "வெள்ள." "மேல." "சின்ன குண்டு." இடையில் நான் புகுந்து பதில் சொன்னபோதெல்லாம் அம்மா எனக்கு ஏதாவது வேலை வைத்தாள். மைலோ கலக்கச் சொன்னாள், துணி எடுக்கச் சொன்னாள், கீழே போய் ரொட்டி வாங்கிவரச் சொன்னாள். இவ்வளவு தெரிந்த என்னை விட்டுவிட்டுப் பேச முடியாத அப்பாவைப் போட்டு ஏன் இப்படிப் படுத்துகிறாள் என்று எனக்கு அழுகை வந்தது. அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா தேக்கா சந்தைக்குப் போய் இறால் வாங்கி வந்தாள். கறிக்கு வாங்குகிற பெரிய இறால். அதை அப்பாவிடம் காட்டினாள். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் எழுந்து உட்கார்ந்தார். சட்டை போடச் சைகை காட்டினார். தூண்டிலை இவளிடம் தனியாக விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கும் வரவில்லை.

டாக்சியில் சக்கர நாற்காலியை மடக்கி வைத்துக்கொண்டு பிடோக் படகுத்துறைக்குப் போனோம். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எங்கள் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் மலாய்க்கார மாமா அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தொட்டார். அப்பா அவரிடமும் பேசவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொள்ளவில்லை. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, இறாலை உரித்து மாட்டினாள். மாமா உதவிக்குக் கையை நீட்டினார். "இல்ல மாமா, இவர் சொல்லுவாரு" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னாள்.

முதல் வீச்சு எங்கள் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது பக்கத்து ஆளின் நரம்பில் சிக்கியது. அப்பா "தள்ளி" என்றார், "மெதுவா" என்றார், ஒரு முறை "வியாழன்" என்றும் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு வழியாக ஈயம் தூரத்தில் விழுந்து மணலைத் தொட்டது. அம்மா மெல்ல இழுத்தாள். அப்பா தன் இடக்கை விரலை நரம்பின்மேல் வைத்துக்கொண்டார். எப்போதும் அவர் வலக்கை விரலைத்தான் அப்படி வைப்பார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. பிறகு தூண்டில் தடியின் நுனி ஒரு முறை தலையசைத்தது.

"செபெலா" என்று கத்தினேன்.

அம்மா அசையவில்லை. நுனி மீண்டும் குனிந்தது, இம்முறை நிமிரவில்லை. நரம்பு கனத்துவிட்டது. இனி இழுக்க வேண்டியதுதான். "இழுங்கம்மா, இழுங்க" என்று அவள் கையைப் பிடித்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, அப்பாவைப் பார்த்து, "என்னங்க, என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

அப்பாவின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. தடி வளைந்துகொண்டே போனது. மாமா தன் தூண்டிலை விட்டுவிட்டு வந்து நின்றார், இன்னும் சிலரும் வந்தார்கள். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நரம்பு மெதுவாக வெளியே ஓடியது. அப்பா கழுத்து நரம்பு புடைக்க எதையோ விழுங்கினார், தலையை உதறினார், நாற்காலியின் கைப்பிடியில் அடித்தார்.

"மூஞ்சிய ஏன் பாக்குற? மீனப் பாரு. இழு."

கோணலாக, குழறலாகத்தான் வந்தது. ஆனால் ஒரு சொல்கூட மாறவில்லை. அம்மா இரண்டு கையாலும் தடியைத் தூக்கி இழுத்தாள், ரீலைச் சுற்றினாள், மறுபடி இழுத்தாள். தண்ணீருக்குள் பழுப்பாக ஒரு பெரிய தட்டு எழும்பி வந்தது. பக்கவாட்டில் திரும்பியபோது வெள்ளை வயிறு பளிச்சிட்டது. நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய செபெலா அதுதான். மாமா வலையை எடுக்க ஓடினார். அவர் வருவதற்குள் அம்மா அவசரப்பட்டுப் படகுத்துறையின் உயரத்துக்கு அதைத் தூக்கப் பார்த்தாள். மீன் ஒரு முறை துள்ளியது. வெறும் முள் மட்டும் எங்கள் பக்கம் பறந்து வந்தது.

நான் அழுதுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் அடடா என்றார்கள். அம்மா தடியைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மீனை விட்டுவிட்டு இப்படிச் சிரிக்கிற ஒருத்தியை நான் அந்தப் படகுத்துறையில் பார்த்ததில்லை. மாமா என் தலையைத் தடவி, பரவாயில்லை என்று மலாயில் ஏதோ சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவ்வளவு பெரிய மீன் போனது அவருக்கும் வருத்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்சியில் வீடு வரும்வரை அப்பா திட்டிக்கொண்டே வந்தார். பாதிச் சொற்கள் இடம் மாறிப்போயின. வலைக்கு "தலையணை" என்றார், படகுத்துறைக்கு "பல்" என்றார். தவறு என்று தெரிந்ததும் நிறுத்தி, தேடி, மறுபடி ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அம்மா நல்ல பிள்ளையாகத் திட்டை வாங்கிக்கொண்டு, நடுநடுவே, "அப்ப அடுத்த வாரம் எந்த முள்ளுங்க மாட்டணும்?" என்று கேட்டாள். நேற்றிலிருந்து அதைத்தானே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்! நான் கோபத்தோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி இடைவேளையில் தோழிகளிடம் நடந்ததைச் சொன்னேன். எங்கள் அம்மாவுக்கு மீன் பிடிக்கவே வராது, மீன் கடித்திருக்கும்போதுகூடக் கடலைப் பார்க்காமல் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றேன். அவர்களும் ஆமாம், பாவம் என்றார்கள்.