கோலத்துக்குப் பின்னால் ஒரு கார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தப்பு என்னுடையது. கார் நல்ல கார்தான். அதன் வாயை அடைத்த புத்திசாலி நான்.

மூன்று வாரம் முன்பு மின்சாரக் கார் வாங்கினேன். இன்ஜின் சத்தம் கிடையாது. அதனால் மெதுவாகப் போகும்போது 'ம்ம்ம்...' என்று தானாகவே ஒரு ரீங்காரம் போடும். நடந்து போகிறவர்களுக்கு வண்டி வருவது தெரிய வேண்டுமே... அதற்காகவே ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்த செயற்கைச் சத்தம். ஷோரூமில் விளக்கினார்கள். நானும் எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் மாடி வீட்டு பஷீர் பாய் இறங்கி வந்தார். பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். எதைப் பார்த்தாலும் ஒரு கருத்து சொல்லாமல் நகரமாட்டார். காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இன்னா சார், இவ்ளோ செலவு பண்ணி வாங்கிக்கினு... உள்ள மாவு அரையுதா?"

போயிற்று என் மானம்! அன்று மாலையே திரையில் மெனு மெனுவாக நுழைந்து தேடி, சத்தத்தை அணைத்துவிட்டேன். "எதுக்கோதான் வெச்சிருப்பாங்க, கைய வெக்காதீங்க" என்றாள் மனைவி. கேட்டேனா? அன்றிலிருந்து கார் பூனை மாதிரி போனது. உள்ளே நான் புலி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் வாக்கிங் போவேன். அதாவது, குரோம்பேட்டையில் இருக்கும் மைதானம் வரை காரில் போய், அங்கே நடப்பேன். சிரிக்காதீர்கள்... உங்களில் பாதிப் பேரை அங்கேதான் பார்க்கிறேன்.

எங்கள் அஸ்தினாபுரம் தெருவின் முனை வீடு தனலட்சுமி அக்காவுடையது. இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். அந்த உரிமையோ என்னவோ, அக்காவின் கோலம் வாசலோடு நிற்காது. பாதித் தெருவைப் பிடித்துக்கொள்ளும். குனிந்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபது நிமிடம் போடுவார். திரும்பியே பார்க்கமாட்டார்.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பால் வண்டி என்றால் ஓர் அடி ஒதுங்குவார். பேப்பர்காரரின் மொபெட் என்றால் ஒதுங்கமாட்டார் – அவர்தான் வளைந்து போக வேண்டும். தண்ணி லாரி என்றால் கிண்ணத்தோடு கேட்டுக்குள் போய்விடுவார். எல்லாம் காது பார்க்கும் வேலை.

அக்கா மட்டுமா? நம் பக்கத்துப் பிளாட்பாரங்களில் பைக் நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், இளநீர் வண்டி நிற்கும். மனிதன் நடுரோட்டில்தான் நடந்தாக வேண்டும். தாம்பரம் வரைக்கும் நாம் எல்லோரும் முதுகுக்குக் காதை நம்பித்தானே நடக்கிறோம்?

சத்தத்தை அணைத்த மறுநாள் காலை என் பூனை ஊர்ந்து போய் அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்தது. சத்தம் கேட்டு ஒதுங்கிவிடுவார் என்று நானும் விட்டுக்கொண்டே போனேன். எந்தச் சத்தம்? இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முடித்ததும் மொத்தக் கோலத்தையும் பார்க்க நாலு அடி பின்னால் வருவார்கள். அக்காவும் வந்தார். ஒன்று... இரண்டு... மூன்றாவது அடியில் நான் பிரேக்கை மிதித்தேன். நாலாவது அடியில் அக்கா என் பானட்டில் உட்கார்ந்தார். கிண்ணம் பறந்து, கோலமாவு முழுக்கக் கண்ணாடியில் கொட்டியது. பதற்றத்தில் வைப்பரைப் போட்டேன். அது கண்ணாடிக்கு விபூதிப் பட்டை போட்டது.

"இன்னா சார், பேய் மாரி வந்து நிக்கற? முட்டி ஆபரேசன் ஆயி ஆறு மாசம்கூட ஆவல. வுழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"பிரேக் போட்டுட்டேன்க்கா..."

"போடலன்னா இந்நேரம் என் போட்டோவுக்கு மால போட்டிருப்ப!"

இறங்கிப் போய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் முன்ஜாக்கிரதையாக என் வீட்டு வாசலிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பினேன். பால்கனியில் லுங்கியோடு பஷீர் பாய் தோன்றினார். "சைலண்ட் காருன்னீங்க சார்... எங்க வூட்ல தூங்கிக்கினு இருந்த அஞ்சு பேரும் எய்ந்துட்டாங்க!"

தெருமுனையில் அக்கா இல்லை. கேட்டுக்கு உள்ளே, உள்ளங்கை அகலத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் இருந்தது. அடுத்த நாளும் அதேதான்.

"அக்காவோட பையன் ரோட்டுல போடக் கூடாதுன்னுட்டாராம்" என்றாள் மனைவி. "அவங்களுக்கும் பயம் வந்துடுச்சுங்க. என் காதையே நம்ப முடியலங்கறாங்க."

இத்தனை வருடம் தண்ணி லாரியால் சுருக்க முடியாத கோலம். நான் ஒரே காலையில் சுருக்கிவிட்டேன். வாக்கிங்கை ஒரே சுற்றோடு முடித்துக்கொண்டேன்.

அன்றே மெனுவுக்குள் மறுபடி நுழைந்தேன். அணைப்பதற்கு ஐந்து நிமிடம், திரும்பப் போடுவதற்கு ஒரு மணி நேரம்! பிறகு அக்கா வீட்டுக்கு நடந்து போய் – ஆமாம், நடந்தேதான் – விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"ஓட்டிக் காட்டு" என்றார்.

தெருவில் முதுகைக் காட்டி நின்றார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவர் மகன். பஷீர் பாய், ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் தோரணையில், "வாங்க சார், வாங்க... ஸ்லோவா" என்று கையசைத்தார். 'ம்ம்ம்...' என்று வந்தேன்.

"தோ வருது. வண்டு மாரி கீது" என்று அக்கா இடது பக்கம் ஒதுங்கினார். "இன்னோரு வாட்டி வா."

ஐந்து வாட்டி வந்தேன். லைசென்ஸ் வாங்கும்போதுகூட இப்படி ஓட்டிக் காட்டியதில்லை. ஐந்தாவது வாட்டி மகன் கட்டிய கையை அவிழ்த்தார்.

வாழ்நாள் முழுக்க இந்த ஊர் இரைச்சலைத் திட்டியே பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது தினமும் காலையில், என் கார் சத்தம் போடுகிறதா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அந்த மாவு அரைக்கிற சத்தம், நிஜமாகச் சொல்கிறேன், இனிமையாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலை தெருமுனை வந்தது. பாதித் தெருவுக்குக் கோலம்! குனிந்திருந்த அக்கா, திரும்பாமலேயே ஓர் அடி ஒதுங்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "அக்கா, வண்டிச் சத்தம் நல்லா கேக்குதாக்கா? இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கவாக்கா?" என்றேன்.

"வண்டி கேக்குது. நீ வாய மூடிக்கினு போ."